பொம்பெய் வீடு ஒன்றின் மாதிரி செய்வது எப்படி: தண்ணீர் போகும் வழியிலிருந்து தொடங்குங்கள்

பாடசாலைக் கண்காட்சிக்கு ‘ரோமானியரின் வீடு’ என்று பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போகும் மாதிரிகளில் முக்கால்வாசி வீடே அல்ல. ரிஜிபோமில் வெட்டிய வெள்ளைத் தூண்கள், மேலே ஒரு முக்கோணம், முன்னால் ஐந்தாறு படிகள். அது கோயில். அதற்குள் எவரும் சமைத்ததில்லை, பிள்ளை பெற்றதில்லை, வாடகைப் பாக்கி கேட்டு வந்ததில்லை.

நான் நீர்ப்பாசன வேலைகளுக்குப் படம் வரைந்து ஓய்வு பெற்றவன். திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் இருக்கிறேன். மகளின் மகளுக்கும் அவளுடைய வகுப்புத் தோழிகளுக்கும் மாதிரிகள் செய்ய உதவுவது இப்போது என் பொழுதுபோக்கு. எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதன் மேல் விழும் மழை எங்கே போகிறது? ரோமானிய வீட்டிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் அது தன் முழுக் கதையையும் சொல்லிவிடும். கூரை உள்நோக்கிச் சரிகிறது. மழை வீட்டின் நடுவே உள்ள தொட்டியில் விழுகிறது. தொட்டியிலிருந்து நிலத்தடிக் கொள்கலத்துக்கு இறங்குகிறது. மிஞ்சியது வாசலுக்கடியால் தெருவுக்குப் போகிறது. உங்கள் மாதிரியின் மேல் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றினால் அதுவும் இதே வழியில் போக வேண்டும். அப்படிப் போகும் மாதிரி ஒன்றைச் செய்யும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்கு ஊர் இத்தாலியிலுள்ள பொம்பெய். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது சாம்பலுக்கும் நுரைக்கல்லுக்கும் அடியில் புதைந்த நகரம் அது. அதனால் கதவுத் தாழ்ப்பாள் முதல் அடுப்புக் கரி வரை அங்கே கிடைத்திருக்கிறது. அங்குள்ள வீடுகளில் ‘ஃபாவுன் வீடு’ மிகவும் பெரியது. ஒரு முழுத் தெருத் தொகுதியையே விழுங்கி நிற்கிறது. மாதிரிக்கு அது வேண்டாம். ‘துன்பியல் கவிஞர் வீடு’ என்று பெயரிட்ட நடுத்தர அளவு வீட்டை எடுங்கள். 1824இல் அகழ்ந்தெடுத்தது. வாசலில் இரண்டு கடைகள், நடுவில் தொட்டி, பின்னால் தூண்கள் சூழ்ந்த தோட்டம் என்று எல்லாம் கைக்கு அடக்கமாக இருக்கின்றன. அதன் அமைப்பைப் பின்பற்றி நான் மாதிரிக்கு ஏற்ற அளவுகளைத் தருகிறேன்.

அளவுத்திட்டம் ஐம்பதுக்கு ஒன்று. வீட்டில் அரை மீற்றர், மாதிரியில் ஒரு சென்ரிமீற்றர். அடிப்பலகைக்கு 40க்கு 70 சென்ரிமீற்றர் பிளைவுட் போதும். நான்கு மூலையிலும் 8 சென்ரிமீற்றர் உயரத்தில் கட்டைகள் அடித்து அதை உயர்த்திக்கொள்ளுங்கள்; அடியில் வேலை இருக்கிறது. வீடு 32 அகலம், 56 நீளம். முன்னால் இருக்கும் 14 சென்ரிமீற்றரும் தெருவுக்கு. நீளத்தை இப்படிப் பிரியுங்கள்: கடைகளும் நுழைவழியும் 12, தொட்டி மண்டபம் 20, அதன் பின்னுள்ள திறந்த அறை 8, தோட்டம் 16. மண்டபத்தின் அகலம் 16; இரு பக்கமும் எட்டெட்டு சென்ரிமீற்றர் சிறிய படுக்கையறைகளுக்கு. சாதாரணச் சுவர் 8 உயரம், மண்டபச் சுவர் 12.

சுவர் எழுப்புவதற்கு முன் தொட்டி. இலத்தீனில் இம்ப்ளுவியம் என்பார்கள். மண்டபத்தின் நடுவில் பிளைவுட்டில் 5க்கு 6 சென்ரிமீற்றர் செவ்வகத்தை அரைவாசி ஆழத்துக்குக் குடையுங்கள். உளி பிடிக்கத் தெரியாத பிள்ளை என்றால், பலகையைக் குடையாமல் முழுத் தரையையும் தடித்த மட்டையால் ஓர் அடுக்கு உயர்த்திவிட்டு அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விடலாம். தொட்டியின் அடியில் ஒரு துளை. அதற்கு நேர் கீழே, பலகையின் அடிப்பக்கத்தில், ஒரு யோகட் கோப்பையைப் பட்டி போட்டு மாட்டுங்கள். அதுதான் நிலத்தடிக் கொள்கலம். தொட்டியின் வாசற்பக்கச் சுவரில், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, இரண்டாவது துளை. அதிலிருந்து மீன்தொட்டிக்கு வைக்கும் மெல்லிய காற்றுக்குழாயை நுழைவழியின் தரைக்கடியால் கொண்டுபோய்த் தெருவில் விடுங்கள். குழாய் வாசலை நோக்கித் துளியளவேனும் இறங்க வேண்டும். மட்டமாக வைத்தால் தண்ணீர் நின்றுவிடும். இரண்டு துளைகளின் ஓரத்தையும் சிலிக்கோன் பசையால் அடைத்து ஒரு நாள் காயவிடுங்கள். தொட்டியருகே ஒரு சிறிய வட்டக் கல் வாய் வையுங்கள். கொள்கலத்திலிருந்து வாளி விட்டு அள்ளும் இடம் அது. தண்ணீர்ப் போத்தல் மூடியின் வளையமே போதும்.

தரைக்கு வண்ணக் கடதாசி ஒட்ட வேண்டாம். ரோமர் பல தரைகளை உடைந்த ஓட்டைப் பொடித்துச் சுண்ணாம்புச் சாந்தில் கலந்து இட்டார்கள். தண்ணீர் இறங்காத தரை அது. நமக்கும் அதே பொருள் தெருவோரம் கிடக்கிறது. உடைந்த கூரை ஓடு ஒன்றைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள். பிறகு பழைய அம்மியில் இட்டு அரையுங்கள். (சமையல் அம்மியில் அரைத்துவிட்டு என் மீது பழி போடாதீர்கள்.) பழைய நைலோன் காலுறையால் அரித்தால் குங்குமம் போன்ற தூள் கீழே விழும், மேலே தங்கும் பருமணியை எறியாதீர்கள். தூள் இரண்டு பங்கு, வெள்ளைச் சிமெந்து ஒரு பங்கு, பைண்டர் கம் கலந்த தண்ணீர் தேவைக்கேற்ப. தோசைக்கரண்டியின் பின்பக்கத்தால் மெல்லப் பரப்புங்கள். ஈரமாக இருக்கும்போதே பருமணிகளை இடையிடையே தூவி அழுத்துங்கள். காய்ந்ததும் நனைத்த தேய்ப்புக் கடதாசியால் உரசினால் இளஞ்சிவப்புத் தரையில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் எழுந்து வரும். என் பேத்திக்கு இந்த வேலையில் மட்டும் பொறுமை எல்லையற்றது.

நுழைவழியின் தரை மட்டும் வேறு. இந்த வீட்டின் வாசலில்தான் சங்கிலியில் கட்டிய கறுப்பு நாயின் புகழ்பெற்ற கற்பதிப்பு இருக்கிறது, கீழே ‘கவே கனெம்’, அதாவது ‘நாய் கவனம்’ என்ற வாசகத்துடன். அதை முட்டை ஓட்டில் செய்யலாம். ஓட்டின் உட்தோலை உரித்து, பாதிக்குக் கறுப்பு மை பூசி, காய்ந்ததும் நொறுக்கி, பசை தடவிய மட்டையில் கிடுக்கியால் ஒவ்வொன்றாக வையுங்கள். நாயை முதலில், பின்னணியைப் பிறகு. சிப்பி ஓடு பொறுக்குவதென்றால் உப்புவெளிக் கரையில் ஒதுங்கியதை எடுங்கள். பவளத்தைத் தொட வேண்டாம். புறாத்தீவு தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு துண்டும் எடுக்கக் கூடாது.

சுவர்களை எழுப்பும்போது பேத்தி கேட்டாள்: “அம்மப்பா, இந்த வீட்டுக்கு யன்னலே இல்லையா?” நல்ல கேள்வி. தெருப்பக்கம் யன்னல்கள் மிகக் குறைவு. இருப்பவையும் சிறியவை, ஆளுயரத்துக்கு மேல். தெரு சத்தம், தெருத் தூசி, கள்வர் பயம். வெளிச்சமும் காற்றும் நடுவிலுள்ள வானத் திறப்பிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்தன. ஆகவே வெளிச்சுவரில் கை நிறைய யன்னல் வெட்டாதீர்கள். படுக்கையறைகள் மண்டபத்துப் பக்கம் கதவு மட்டும் கொண்ட இருட்டறைகள். கட்டில் ஒன்று வைத்தால் நடக்க இடமிருக்காது. அப்படியே விடுங்கள்.

உட்சுவர் வெள்ளையாக இருக்கவே கூடாது. பணம் இருந்தவன் சுவர் முழுவதையும் ஈரச் சாந்தின் மேல் வண்ணம் தீட்டி நிரப்பினான்: கீழே கருமையான பட்டை, நடுவில் சிவப்பு அல்லது மஞ்சள் சட்டங்கள், சட்டத்தின் நடுவே ஒரு சிறு ஓவியம். சிவப்புக்குத் தரைக்குப் போடும் காவித்தூள் போதும். பொம்பெய்யில் இன்று சிவப்பாகத் தெரியும் சுவர்களில் சில, எரிமலை வெப்பம் படும் வரை மஞ்சளாக இருந்தவை. மஞ்சட்காவி சூடானால் சிவக்கும். எனவே ஓர் அறைக்குத் துணிந்து மஞ்சள் பூசலாம். குசினிக்கும் அடிமைகள் புழங்கிய மூலைக்கும் வெறும் சுண்ணாம்பு வெள்ளை. வர்ணம் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே யாருக்காகக் கட்டிய வீடு என்று தெரியும்.

இனிக் கூரை. இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். விட்ருவியுஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் மண்டபங்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். நாம் செய்வது தஸ்கன் வகை: தூண் இல்லை, அகலத்துக்குப் போட்ட இரண்டு பெரிய உத்திரங்களே கூரையைத் தாங்கும். நான்கு பக்கமிருந்தும் கூரை நடுநோக்கி இறங்கி 4க்கு 5 சென்ரிமீற்றர் வானத் திறப்பில் முடிய வேண்டும். திறப்பு தொட்டியை விடச் சிறியதாக இருப்பது தற்செயல் அல்ல. விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் தொட்டிக்குள் விழ வேண்டும், தரையில் அல்ல.

அட்டைப்பெட்டி மட்டையில் நான்கு சரிவகங்களை வெட்டுங்கள். இரண்டுக்கு இணைப் பக்கங்கள் 20, 5, உயரம் 6.7. மற்ற இரண்டுக்கு 16, 4, உயரம் 8.1. இந்த அளவில் வெட்டினால் சாய்ந்த ஓரங்கள் எல்லாம் பத்து சென்ரிமீற்றருக்குப் பொருந்தி, நடுத்திறப்பு வெளி விளிம்பை விட 3 சென்ரிமீற்றர் தாழ்ந்து நிற்கும். ஓரங்களை உட்பக்கம் துணிப்பட்டியால் ஒட்டுங்கள்.

ஓடு வேண்டுமே. மட்டையின் மேற்கடதாசியை ஈரத்துணியால் நனைத்து உரித்தால் உள்ளே நெளிநெளியான வரி தெரியும். வரிகள் திறப்பை நோக்கி ஓடும்படி மட்டையை முன்பே பார்த்து வெட்டியிருக்க வேண்டும். ரோமர் தட்டையான ஓட்டை வைத்து, இரண்டு ஓட்டின் இடைவெளியைக் குவிந்த ஓட்டால் மூடினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இதே வரிதான். செங்காவி பூசி, காய்ந்ததும் இரண்டு தடவை வார்னிஷ். ஓரமூட்டுகளில் மூன்றாவது தடவையும் பூசுங்கள், நான்கு பக்கத்துத் தண்ணீரும் அங்கேதான் கூடி ஓடும். திறப்பின் விளிம்பில் சுட்ட மண்ணால் சிங்க முகம், நாய் முகம் வைத்துத் தண்ணீரை அவற்றின் வாயால் விழவிட்டார்கள். களிமண்ணில் நான்கு சிறிய முகங்கள் செய்யலாம். இந்தக் கூரையை ஒட்டாமல் கழற்றும்படி வையுங்கள். வார்னிஷ் காயும் வரை முற்றத்தில் விடாதீர்கள். திருகோணமலை நகரத்து மான்கள் எந்த வளவுக்குள்ளும் தலையை நீட்டும். அட்டையை அவை மேய்ச்சல் என்றே நினைக்கின்றன.

தோட்டம் விரைவான வேலை. மூன்று பக்கம் தூண்வரிசை, பின்சுவரோடு ஒட்டி வீட்டுத் தெய்வங்களுக்கு ஒரு சிறு மாடம். உறிஞ்சு குழாயில் தூண், நடுவில் பாசி. தோட்டத்தை ஒட்டிய ஒரு பெரிய அறையை விருந்தறையாக்குங்கள்: மூன்று சாய்கட்டில்கள், ஒவ்வொன்றிலும் மூவர், இடது முழங்கையில் சாய்ந்து சாப்பிடுவார்கள். கதிரை மேசை போட வேண்டாம்.

குசினியில் நேரம் செலவிடுங்கள். இடுப்புயரத்தில் கல்லால் கட்டிய மேடை, அதன் மேல் கரி நெருப்பு, முக்காலியில் பானை, மேடைக்கடியில் வளைவுக்குள் விறகு. பெரும்பாலும் புகைக்கூண்டு கிடையாது. ஒரு யன்னலோடு சரி. பக்கத்திலேயே, சில வீடுகளில் அதே அறையிலேயே, மலகூடம். இரண்டின் கழிவும் அடியிலுள்ள குழிக்குப் போயின. ஆசிரியர் முகம் சுளிப்பார். எடுத்துவிடாதீர்கள். தண்ணீரும் கழிவும் ஒரே மூலையில் சேருவது வசதி என்று அவர்கள் நினைத்தார்கள். நோய்க் கிருமியைப் பற்றி எவருக்கும் தெரியாத காலம். குளிக்கப் பெரும்பாலானவர்கள் வெளியேதான் போனார்கள். இந்த வீட்டுக்கு எதிரிலேயே பொதுக் குளிப்பிடம் இருந்தது. கன்னியா வெந்நீரூற்றில் கிணற்றுக்குக் கிணறு சூடு மாறுவதை அனுபவித்த நமக்கு அந்தக் கட்டடம் எளிதில் விளங்கும்: குளிர், இளஞ்சூடு, கடுஞ்சூடு என்று மூன்று அறைகள், விறகெரித்து மூட்டிய சூடு தரைக்கடியால் ஓடும்.

வாசலின் இருபுறமும் உள்ள கடைகளை மூடிவிடாதீர்கள். தெருவைப் பார்த்து முழுவாய் திறந்தவை அவை. ஒன்றை உணவுக்கடையாக்கலாம்: கல் மேடையில் பெரிய சாடிகளைப் புதைத்து வாய் மட்டும் தெரியும்படி. கடைக்குள் பரண் ஒன்று போட்டு ஏணி சாத்துங்கள். கடைக்காரன் குடும்பம் படுத்தது அங்கேதான். தொட்டி மண்டபமும் தோட்டமும் சிலருக்குத்தான். உரோமை நகரத்தில் நான்காம் நூற்றாண்டுக் கணக்கு ஒன்று, இத்தகைய தனி வீடுகளை 1,800 அளவிலும் இன்சுலா எனப்பட்ட குடியிருப்புகளை 46,000க்கு மேலும் சொல்கிறது. அந்த அடுக்கு வீடுகள் சரிந்து விழாமலிருக்க பேரரசர் அகஸ்துஸ் 70 ரோமானிய அடிக்கு மேல் கட்டக் கூடாது என்றார். பின்னர் வந்த பேரரசர் திராயன் அதை 60 ஆக்கினார். பொம்பெய்ச் சுவரொன்றில் எழுதியிருந்த வாடகை அறிவித்தல் கிடைத்திருக்கிறது: ஜூலை முதலாம் திகதி முதல் பரணோடு கடைகளும் மாடி அறைகளும் ஒரு வீடும் வாடகைக்கு, விரும்புவோர் உரிமையாளர் நிகிடியுஸ் மாயுஸின் அடிமை பிரிமுஸைக் காணவும். உங்கள் கடைச் சுவரிலும் சிவப்பு மையால் அப்படி ஒரு வரி எழுதுங்கள். கண்காட்சிக்கு வருபவர்கள் குனிந்து படிப்பது அதைத்தான்.

தெருவை மட்டமாக ஒட்டாமல் ஓரத்தை நோக்கிச் சரித்து வையுங்கள். பொம்பெய்யில் நிலத்தடி வடிகால் சொற்பம், தெருவே வடிகால். மழைநீர், வீட்டுக் குழாயிலிருந்து வரும் மிச்சம், தெருமுனைத் தொட்டிகள் இரவுபகலாகப் பொங்கி வழியும் தண்ணீர், மிருகச் சாணம் எல்லாம் அதில்தான். அதனால்தான் நடைபாதை உயரமாக இருக்கிறது, கடப்பதற்கு நடுவில் பெரிய கற்கள் இருக்கின்றன. கற்களின் இடையே வண்டிச் சக்கரம் போக வழி விடுங்கள். மாதிரியில் சக்கரத் தடங்களுக்கு இடையே 3 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. தெருமுனையில் நான்கு கற்பலகைகளால் ஒரு தொட்டியும், முகம் செதுக்கிய குழாய்க்கல்லும். நகரில் இப்படி ஏறத்தாழ நாற்பது இருந்தன.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். சேரினோ ஊற்றுகளிலிருந்து அகஸ்துஸ் காலத்துக் கால்வாய் வழியாக, நகரின் மிக உயரமான வெசுவியஸ் வாயிலில் உள்ள பிரிப்புத் தொட்டிக்கு. அங்கிருந்து ஈயக் குழாய்கள். நகரம் சரிவில் இருப்பதால் நேராக விட்டால் கீழ்ப்பகுதியில் அழுத்தம் கூடிக் குழாய் வெடிக்கும். இடையிடையே ஆறு மீற்றர் உயரத் தூண் கட்டி, உச்சியில் ஈயத் தொட்டி வைத்து, தண்ணீரை மேலேற்றி மறுபடி இறக்கி அழுத்தத்தை முறித்தார்கள். என் தொழிலில் இருந்த எவரும் அந்தத் தூணைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவார். இந்த ஏற்பாடு வருவதற்கு முன் ஊர் வாழ்ந்தது கூரைத் தண்ணீரிலும் கிணற்றிலும்தான்.

ஆட்களை வைக்கும்போது நாளின் ஒரு நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். விருந்தும் விடியலும் ஒரே மாதிரியில் நடக்கக் கூடாது. நான் விடியலைச் சொல்வேன். உயரம் 3.3 சென்ரிமீற்றர், கம்பியில் களிமண். வாசலில் காவலுக்கு ஓர் அடிமை. மண்டபத்தில் உதவி கேட்டு வந்த நான்கைந்து பேர். அவர்களை வரவேற்க, தொட்டிக்கு அப்பால் திறந்த அறையில் வீட்டுக்காரர். குசினியில் நெருப்பூதும் பெண். தெருத்தொட்டியில் குடம் பிடிக்கும் சிறுமி. அடிமைகள் வீட்டுக்காரரின் குடும்பத்தை விட அதிகமாக நின்றால் ஆச்சரியப்படாதீர்கள். தோட்டத்து மூலையில் கொஞ்சம் மணலும் சுண்ணாம்பும் குவித்து வைக்கலாம். எரிமலைக்கு ஏறத்தாழ 17 ஆண்டுகளுக்கு முன் பெரும் நிலநடுக்கம். 79இலும் பல வீடுகளில் திருத்தவேலை முடியவில்லை.

பெயர்ப்பலகையில் வீட்டின் முகவரியை எழுதுங்கள்: 6ஆம் வட்டாரம், 8ஆம் தொகுதி, 5ஆம் வாசல். ஃபியோரெல்லி என்ற அகழ்வாளர் 19ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்திய இலக்கமுறை அது. நம் ஊர்ப் பிள்ளைகள் இன்னொரு வரியும் சேர்க்கலாம். வெசுவியஸ் வெடித்தபோது உயிரிழந்த ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, இலங்கையிலிருந்து நால்வர் கிளாடியுஸ் பேரரசரிடம் தூது போன செய்தியைத் தன் நூலில் எழுதி வைத்தவர்.

கடைசியில் தண்ணீர்ச் சோதனை. போத்தல் மூடியில் சூடான ஊசியால் பத்துப் பன்னிரண்டு துளைகள் இட்டு, கூரைக்கு மேல் மெதுவாகச் சாயுங்கள். முதலில் யோகட் கோப்பை நிரம்ப வேண்டும்; பிறகு தொட்டி; பிறகுதான் தெருவில் குழாய் சொட்ட வேண்டும். மண்டபத் தரை நனைந்தால் வானத் திறப்பின் விளிம்பைப் பாருங்கள். தொட்டி வழிந்தும் தெருவுக்கு வராவிட்டால் குழாய் நடுவில் மேடு தட்டியிருக்கும். கண்காட்சியன்று தெருமுனையின் கீழ் ஒரு தட்டு வையுங்கள், நடுவர் கேட்டால் போத்தலை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். முச்சக்கர வண்டியில் ஏற்றுமுன் கூரையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் யோகட் கோப்பையைக் கழற்றி ஊற்றிக் கவிழ்த்து வையுங்கள். நுளம்புக் குடம்பி தேடி வளவு பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இது ரோமானியர் காலத்துக் கொள்கலம் என்று சொல்லித் தப்ப முடியாது.